ராஜ வம்சம்னு சொன்னா போதுமா, ஆதாரம் எங்கே? 500 வருட மூதாதையரைத் தேடும் இங்கிலாந்துக்காரர்களின் கதை

டேனி டையர், அசல் கிழக்கு லண்டன்காரர். உழைக்கும் மக்கள் வாழும் பகுதியில் பிறந்து வளர்ந்தவர். பிபிசி-யின் 'ஈஸ்ட்எண்டர்ஸ்' தொடரில் 'பப்' நடத்துபவராக நடித்து, வீட்டுக்கு வீடு அறிமுகமான முகம். பேச்சில் கொச்சை, நடையில் ஒரு தெனாவட்டு. 2016-ல் அவரை 'ஹூ டூ யூ திங்க் யூ ஆர்?' என்கிற நிகழ்ச்சிக்கு அழைத்தார்கள். பிரபலங்களின் முன்னோரைத் தேடிப்போகும் நிகழ்ச்சி அது. 2004-லிருந்து பிரிட்டனில் ஓடிக்கொண்டிருக்கிறது.

தேடல், அனாதை ஏழைகளை அடைத்துவைத்த 'வொர்க்ஹவுஸ்' விடுதிகளில்தான் ஆரம்பித்தது. அங்கிருந்து ஒரு கிளை மேலே போனது. 17-ம் நூற்றாண்டில் ஒரு நிலச்சுவான்தார் குடும்பம், அதற்கும் மேலே சஃபோக் பகுதியின் டோலமாஷ் பிரபுக்கள், அதற்கும் மேலே 8-ம் ஹென்றியின் வலது கையாக இருந்து, கடைசியில் அதே ஹென்றியால் தலை வெட்டப்பட்ட தாமஸ் குரோம்வெல்! அதோடு நிற்கவில்லை. குரோம்வெல்லின் மகன் கிரிகரி மணந்தது எலிசபெத் சீமோரை. அவர், 8-ம் ஹென்றியின் மூன்றாவது மனைவி ஜேன் சீமோரின் தங்கை. சீமோர் சகோதரிகளின் தாய் வழியில் போனால் 1377-ல் இறந்த மன்னர் 3-ம் எட்வர்டு வருகிறார்.

'ஈஸ்ட்எண்டர்ஸ்' நாயகன், இங்கிலாந்து மன்னரின் வாரிசு. மறுநாள் பத்திரிகைகளுக்கு வேறு செய்தி வேண்டுமா என்ன?

ஆனால், மரபணு ஆய்வாளர்கள் இந்தச் செய்திக்குத் துள்ளிக்குதிக்கவில்லை. ஆடம் ரூதர்ஃபோர்டு போன்றவர்கள் சொல்வது இதுதான்: இங்கிலாந்தில் வேர் உள்ள ஏறக்குறைய எல்லோருமே 3-ம் எட்வர்டின் வாரிசுகள்தான். கணக்கு எளிது. அப்பா, அம்மா 2 பேர். தாத்தா, பாட்டிகள் 4 பேர். ஒவ்வொரு படிக்கும் இரட்டிப்பாக்கிக்கொண்டே போனால், 22-வது தலைமுறையில் 41 லட்சத்து 94 ஆயிரத்து 304 பேர் வேண்டும். 3-ம் எட்வர்டு இறந்த சமயத்தில், கொள்ளைநோயில் அழிந்தது போக இங்கிலாந்தில் இருந்த மொத்த ஜனமே சுமார் 25 லட்சம்தான் என்கிறார்கள் வரலாற்றாசிரியர்கள். அதாவது, ஒரே ஆள் பல கிளைகளில் திரும்பத் திரும்ப தாத்தாவாக வந்தே ஆக வேண்டும்.

அப்படியானால் டேனி டையருக்கு என்ன விசேஷம்? அவரிடம் காகிதம் இருக்கிறது. ராஜ ரத்தம் ஊருக்கே பொது. ஒவ்வொரு தலைமுறைக்கும் 'இவர், இவருடைய பிள்ளை' என்று சொல்கிற ஆவணம் கிடைப்பதுதான் அபூர்வம்.

காகிதம் இல்லாத இடத்தில் கதை புகுந்துவிடும். அந்தக் கதையை விற்றே பிழைத்தவர்கள் இருக்கிறார்கள்.

விலைக்கு வந்த தாத்தாக்கள்

1840-களில் பிர்கன்ஹெட் ஊரில் வில்லியம் ஸ்பென்ஸ் என்று ஒருவர் இருந்தார். வசதியான குடும்பங்களுக்குக் கடிதம் போடுவார். 'பழைய கையெழுத்துப் பிரதி ஒன்று என் பார்வைக்கு வந்தது. அதில் உங்கள் முன்னோர் போரில் வீரம் காட்டிய விவரம் இருக்கிறது. சிறு கட்டணம் அனுப்பினால் நகல் எடுத்துத் தருகிறேன்' என்பதுதான் சாராம்சம். யாருக்குத்தான் ஆசை வராது? பணம் போனது. வீரத் தாத்தாக்கள் தபாலில் வந்தார்கள். சிலர் அச்சுப் புத்தகங்களிலும் ஏறிவிட்டார்கள். அத்தனையும் ஸ்பென்ஸின் கற்பனை.

அவருக்கெல்லாம் அண்ணன், குஸ்டாவ் அஞ்ஷூ. சுவீடனில் பிறந்து, அங்கே மோசடிக் குற்றத்துக்காகச் சிறைக்குப் போய், பெயரை மாற்றிக்கொண்டு அமெரிக்காவில் குடியேறியவர். 20-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பணக்கார அமெரிக்கக் குடும்பங்களுக்கு இங்கிலாந்துப் பரம்பரை தயாரித்துக் கொடுத்தார். ஒரு வேலைக்கு ஆயிரக்கணக்கான டாலர் கட்டணம். இவருடைய சாமர்த்தியம் என்னவென்றால், பெரும்பாலும் உண்மையான ஆவணங்களையே காட்டுவார். உயில், தேவாலயப் பதிவு, நிலப் பத்திரம் என்று பக்கம் பக்கமாக இருக்கும். போய்ப் பார்த்தால் அவையெல்லாம் நிஜமாகவே இருக்கும். அமெரிக்கக் குடும்பத்தை இங்கிலாந்துக் குடும்பத்தோடு ஒட்டவைக்கிற அந்த ஒரே ஒரு ஆவணம் மட்டும் எங்கேயும் இருக்காது. பத்து உண்மைக்கு நடுவே ஒரு பொய்!

அஞ்ஷூ 1942-ல் இறந்துபோனார். அவர் தயாரித்த பரம்பரைகள் சாகவில்லை. நூலகத்தில் இருந்த புத்தகங்கள் ஸ்கேன் ஆகி, அதிலிருந்து ஒருவர் தன் இணைய வம்ச மரத்தில் ஏற்ற, அதைப் பார்த்து நூறு பேர் காப்பி அடிக்க, இன்றும் பரவிக்கொண்டிருக்கின்றன. 'இத்தனை பேர் போட்டிருக்கிறார்களே, தப்பாகவா இருக்கும்?' என்று கேட்கிறவர்களுக்கு ஆய்வாளர்கள் தரும் பதில், 'நூறு பேரும் ஒரே ஆளிடமிருந்துதான் எடுத்திருக்கிறார்கள்' என்பதுதான்.

மோசடிக்காரர்கள் மட்டும்தான் என்று இல்லை. அரசாங்க முத்திரையோடும் கதைகள் உண்டு. 1530 முதல் 1688 வரை 'ஹெரால்டு' எனப்படும் அரச அதிகாரிகள் மாவட்டம் மாவட்டமாகப் போய், குலச் சின்னம் வைத்துக்கொள்ளும் தகுதி யாருக்கு இருக்கிறது என்று விசாரித்தார்கள். அப்போது குடும்பங்கள் கொடுத்த வம்சாவளிகளைக் குறித்துக்கொண்டார்கள். அப்பா, தாத்தா வரை அது ஓரளவு நம்பகமானது. நேரில் பார்த்த மனிதர்களாயிற்றே! அதற்கு மேலே 'நாங்கள் 1066-ல் வில்லியம் மன்னரோடு கப்பலில் வந்தவர்கள்' என்று சொன்னால், பேனா அதையும் எழுதிக்கொண்டது. வில்லியமோடு வந்து அந்தப் போரில் நின்றார்கள் என்று உறுதியாகச் சொல்ல முடிந்தவர்கள் முப்பது சொச்சத்தைத் தாண்ட மாட்டார்கள். 'கூட வந்தோம்' என்று சொன்ன குடும்பங்களோ எண்ணில் அடங்காதவை. ஹோரஸ் ரவுண்ட் என்கிற வரலாற்றாசிரியர் 100 வருடங்களுக்கு முன்பு, பிரபுக்களின் இப்படிப்பட்ட வம்சாவளிகளை ஒவ்வொன்றாகக் கிழித்துக் காட்டினார். விருந்துகளில் அவருக்கு எவ்வளவு வரவேற்பு இருந்திருக்கும் என்று ஊகித்துக்கொள்ளலாம்.

குரோம்வெல் போட்ட உத்தரவு

சரி, எதைத்தான் நம்புவது? சாதாரண ஜனங்களைப் பொறுத்தவரை, முதல் நம்பிக்கை தேவாலயப் பதிவேடு. அதை ஆரம்பித்துவைத்தவர், மேலே பார்த்த அதே தாமஸ் குரோம்வெல்!

1538-ல் அவர் ஓர் உத்தரவு போட்டார். ஒவ்வொரு தேவாலயத்திலும் ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம் மூன்றையும் வாராவாரம் ஒரு புத்தகத்தில் எழுத வேண்டும். புத்தகத்தை இரண்டு பூட்டுள்ள பெட்டியில் வைக்க வேண்டும். ஒரு சாவி பாதிரியாரிடம், இன்னொன்று ஊர்ப் பொறுப்பாளர்களிடம். 'ஏதோ புது வரி போடத்தான் கணக்கெடுக்கிறார்கள்' என்று ஜனங்கள் பயந்தார்களாம். வரி வரவில்லை. ஆனால், 480 வருடம் கழித்து, குரோம்வெல்லின் பேரன் வழி வாரிசு ஒருவரை டி.வி-யில் அடையாளம் காட்ட இந்த மாதிரிப் பதிவுகள் உதவின.

ஆரம்பத்தில் பலர் சாதாரணத் தாள்களில் எழுதினார்கள். அவை நைந்துபோயின. 1598-ல், தோல் ஏடுகளில் மறுபடி நகலெடுக்கச் சொல்லி உத்தரவு வந்தது. 'குறிப்பாக, எலிசபெத் ராணி பட்டத்துக்கு வந்ததிலிருந்தாவது' என்று அதில் ஒரு வரி. போதாதா? பல ஊர்ப் பாதிரியார்கள் 1558-க்கு முந்தைய 20 வருடத்தை அப்படியே விட்டுவிட்டார்கள். அதனால்தான் பல ஊர்களின் பதிவேடு 1558-ல் தொடங்குகிறது.

ஷேக்ஸ்பியரின் ஞானஸ்நானப் பதிவு, 1564 ஏப்ரல் 26 தேதியிட்டு ஸ்ட்ராட்ஃபோர்டு தேவாலயப் பதிவேட்டில் இருக்கிறது. அதுவும் அன்று எழுதியது அல்ல. பல வருடம் கழித்து ஒரே கையெழுத்தில் எடுக்கப்பட்ட நகல். நகலெடுத்தவர் ஒரு வரியைத் தவறவிட்டிருந்தால், அந்த மனிதர் பிறந்ததற்கே சாட்சி இல்லாமல் போயிருக்கும். இன்னொன்று, 'நான் ஷேக்ஸ்பியரின் நேரடி வாரிசு' என்று யாராவது சொன்னால், சிரித்துவிட்டு நகரலாம். அவருடைய கடைசிப் பேத்தி எலிசபெத் 1670-ல் பிள்ளை இல்லாமல் இறந்தார். நேர் வம்சம் அத்தோடு முடிந்தது. தங்கை ஜோன் வழியில் வந்தவர்கள் வேண்டுமானால் உரிமை கொண்டாடலாம்.

உள்நாட்டுப் போர் நடந்த 1642 முதல் 1660 வரை பல பதிவேடுகளில் பெரிய ஓட்டை. பாதிரியார்கள் விரட்டப்பட்டார்கள், புத்தகங்கள் தொலைந்தன. அந்த 18 வருடத்தைத் தாண்ட முடியாமல் தேடலை நிறுத்தியவர்கள் ஏராளம். அவர்களைக் காப்பாற்றுவது, பெரும்பாலும் உயில்கள்தான்.

ஓர் உயில் திறந்த கதவு

உயிலின் மதிப்பைப் புரிந்துகொள்ள, ஜார்ஜ் வாஷிங்டன் கதை போதும். அமெரிக்காவின் முதல் ஜனாதிபதி. அவருக்கே தன் குடும்பம் இங்கிலாந்தில் எங்கிருந்து வந்தது என்று சரியாகத் தெரியாது!

1791-ல் லண்டனிலிருந்து ஐசக் ஹெர்டு என்கிற தலைமை ஹெரால்டு அவருக்குக் கடிதம் எழுதினார். வாஷிங்டனும் தனக்குத் தெரிந்ததை எழுதி அனுப்பினார். வடக்கு இங்கிலாந்திலிருந்து வந்ததாகக் கேள்வி, இதிலெல்லாம் பெரிதாகக் கவனம் செலுத்தியதில்லை என்பதுபோல ஒரு பதில். அவர் வேலை அவருக்கு. ஹெர்டு ஒரு வம்சாவளி தயாரித்தார். நார்தாம்ப்டன்ஷயரின் சல்கிரேவ் ஊரில் வாஷிங்டன் என்று ஒரு வசதியான குடும்பம் இருந்தது. அந்தக் குடும்பத்தின் லாரன்ஸ் என்பவருக்கு ஜான், லாரன்ஸ் என்று இரண்டு மகன்கள். வர்ஜீனியாவில் குடியேறியதும் ஜான், லாரன்ஸ் என்ற அண்ணன் தம்பிதான். பெயர் பொருந்துகிறது, கதை முடிந்தது!

70 வருடத்துக்கும் மேல் எல்லோரும் இதையே நம்பினார்கள். 1866-ல் ஜோசப் செஸ்டர் என்கிற அமெரிக்கர் லண்டனில் உட்கார்ந்து சரிபார்த்தார். ஹெர்டு சொன்ன ஜான், 'சர்' பட்டம் வாங்கியவர். வர்ஜீனியா ஜானை யாரும் ஒருபோதும் 'சர்' என்று அழைத்ததில்லை. ஹெர்டு சொன்ன லாரன்ஸோ எஸ்ஸெக்ஸில் பர்லி என்ற ஊரின் பாதிரியார். வர்ஜீனியா பக்கமே போகாதவர். பெயரை மட்டும் பார்த்துச் சேர்த்த வம்சாவளி, பொடிப்பொடியானது.

பிறகு ஹென்றி வாட்டர்ஸ் வந்தார். மாசசூசெட்ஸின் சேலம் ஊர்க்காரர். லண்டன் சாமர்செட் ஹவுஸில் அடுக்கிவைத்திருந்த பழைய உயில்களை வருடக்கணக்கில் புரட்டிக்கொண்டிருந்தவர். ஒரு குடும்பத்துக்காக மட்டும் அல்ல, அமெரிக்கா போனவர்களைப் பற்றி எந்த உயிலில் என்ன இருந்தாலும் குறித்துக்கொள்வார். அவர் கண்ணில் பட்டது, ஹெர்ட்ஃபோர்டுஷயரின் ட்ரிங் ஊரைச் சேர்ந்த ஆண்ட்ரூ நோலிங் என்பவரின் உயில். 1650 ஜனவரியில் எழுதியது. தன் நிலத்தை, தன் ஞானப்பிள்ளையான லாரன்ஸ் வாஷிங்டனுக்கு எழுதிவைக்கிறார். கூடவே ஜான், வில்லியம், எலிசபெத், மார்கரெட், மார்த்தா என்று வாஷிங்டன் பிள்ளைகளின் பெயர்கள் வருகின்றன. அவர்களுடைய தாய் ஆம்ஃபில்லிஸ் வாஷிங்டனை, 'என் மருமகள்' என்கிறார்.

இங்கேதான் ஒரு பொறி. 'டாட்டர் இன் லா' என்ற சொல்லுக்கு அன்றைக்கு, மனைவியின் முந்தைய கணவருக்குப் பிறந்த மகள் என்றும் அர்த்தம் உண்டு. ஆம்ஃபில்லிஸ், நோலிங்கின் மருமகள் இல்லை, மாற்றாந்தந்தை முறையில் மகள். 'கசின்' என்றால் அண்ணன் மகனாகவும் இருக்கலாம். ஒரே ஊரில் 'சீனியர்', 'ஜூனியர்' என்று இருவர் இருந்தால், அப்பா-பிள்ளை என்று முடிவு கட்டிவிடக் கூடாது. சொந்தமே இல்லாத பெரியவரும் சின்னவருமாக இருக்கலாம். பெரியப்பா மகனையும் 'அண்ணன்' என்றே சொல்கிற நமக்கு இது புதிதல்ல. ஆனால், இன்றைய ஆங்கில அர்த்தத்தை வைத்துக்கொண்டு அன்றைய உயிலைப் படித்தவர்கள், பரம்பரையையே தலைகீழாக்கியிருக்கிறார்கள்.

வாட்டர்ஸ் அடுத்து எடுத்தது, ஆம்ஃபில்லிஸ் இறந்த பிறகு அவருடைய சொத்தை நிர்வகிக்க மூத்த மகன் ஜானுக்குக் கொடுத்த அனுமதி. தேதி, 1655/56 பிப்ரவரி 8. அது என்ன இரண்டு வருடம்? அன்றைய இங்கிலாந்தில் புது வருடம் பிறந்தது ஜனவரி 1-ல் அல்ல, மார்ச் 25-ல்! எனவே, அவர்கள் கணக்கில் அந்த பிப்ரவரி 1655. நம் கணக்கில் 1656. 1752-ல்தான் இதை மாற்றினார்கள். அதே வருடம் செப்டம்பரில் 11 நாள்களையும் காலண்டரிலிருந்து தூக்கினார்கள். 2-ம் தேதிக்கு அடுத்த நாள் 14! ஜார்ஜ் வாஷிங்டன் பிறந்ததே பழைய கணக்கில் 1731 பிப்ரவரி 11, புதிய கணக்கில் 1732 பிப்ரவரி 22. இது தெரியாமல், 'கல்யாணத்துக்கு முன்பே பிள்ளை பிறந்திருக்கிறதே' என்று பாட்டிகளின் மேல் பழி போட்டவர்கள் உண்டு. மார்ச்சில் கல்யாணம், அதே வருடம் ஜனவரியில் குழந்தை என்று ஏட்டில் இருக்கும். பத்து மாதம் சரியாகத்தான் இருந்திருக்கும்.

ஜானுக்குத் திரும்புவோம். அனுமதி கிடைத்த கொஞ்ச காலத்தில் அவர் கப்பல் ஏறினார். பொடோமாக் ஆற்றில் கப்பல் தரை தட்டியது. வர்ஜீனியாவிலேயே தங்கிவிட்டார். ஜார்ஜ் வாஷிங்டனின் கொள்ளுத்தாத்தா இவர்தான். இவர் 1675-ல் எழுதிய உயிலில், தங்கை மார்த்தாவுக்கு 4,000 பவுண்டு எடை புகையிலை கொடுக்கச் சொல்கிறார். அங்கே அன்று புகையிலைதான் பணம். 1697-ல் மார்த்தா வர்ஜீனியாவில் எழுதிய உயிலிலோ, அக்கா எலிசபெத், இன்னொரு சகோதரி மார்கரெட் இருவரும் வருகிறார்கள்.

ஜான், லாரன்ஸ் என்ற இரண்டு பெயர்கள் எங்கே வேண்டுமானாலும் கிடைக்கும். ஆனால் ஜான், லாரன்ஸ், எலிசபெத், மார்கரெட், மார்த்தா என்று ஒரு வீட்டுப் பிள்ளைகள் மொத்தமும், கடலின் இரண்டு கரையிலும், வேறு வேறு ஆட்கள் எழுதிய உயில்களில் பொருந்துவது தற்செயலாக இருக்க முடியாது. ட்ரிங் தேவாலயப் பதிவேட்டிலும் லாரன்ஸின் ஞானஸ்நானம் 1635-ல் இருக்கிறது. 1889-ல் வாட்டர்ஸ் தன் கண்டுபிடிப்பை வெளியிட்டார். இதில் வேடிக்கை என்ன தெரியுமா? பிள்ளைகளின் அப்பா யார் என்று பார்த்தால், பர்லி பாதிரியார் லாரன்ஸ்! ஹெர்டு குடும்பத்தைச் சரியாகப் பிடித்திருந்தார். அப்பாவைப் பிள்ளை என்று நினைத்து, ஒரு தலைமுறை தவறவிட்டிருந்தார். அந்தப் பாதிரியார், உள்நாட்டுப் போர் சமயத்தில் 1643-ல், மன்னர் கட்சிக்காரர், சாராயக்கடையே கதியாகக் கிடக்கிறார் என்று குற்றம் சாட்டப்பட்டு வேலையிழந்தவர். வேலை போகாமல் இருந்திருந்தால், பிள்ளைகள் பிழைப்புத் தேடிக் கடல் கடந்திருப்பார்களா என்பது இன்னொரு கேள்வி.

1538-க்கு முன்னால்?

அதற்கு முன்னால் போக வேண்டுமென்றால், நிலம் வேண்டும். நிலம் இருந்தவனைப் பற்றித்தான் எழுதினார்கள். ஏழை விவசாயிக்கு ஒரே ஆறுதல், ஜமீன் பஞ்சாயத்துக் குறிப்புகள். அப்பா இறந்தால் நல்ல மாட்டை ஜமீனுக்குக் கொடுத்துவிட்டு மகன் நிலத்தை எடுத்துக்கொள்வது, மகள் கல்யாணத்துக்கு ஜமீனுக்குக் கட்டணம் கட்டுவது எல்லாம் அதில் பதிவாகும். அந்தச் சுருள்கள் தப்பிப் பிழைத்த ஊர் உங்கள் ஊராக இருந்தால், யோகம்.

மன்னரிடமிருந்து நேரடியாக நிலம் பெற்றவர் இறந்துபோனால், அதிகாரி வந்து ஜூரிகளைக் கூட்டி விசாரிப்பார். என்ன நிலம், யார் வாரிசு, வாரிசுக்கு என்ன வயது? 13-ம் நூற்றாண்டிலிருந்து 17-ம் நூற்றாண்டு வரை இந்த விசாரணைகள் நடந்தன. இடைக்காலப் பரம்பரை தேடுகிறவர்களுக்கு இவை தங்கச் சுரங்கம். வாரிசு சிறுவன் என்றால், அவன் நிலமும் கல்யாணமும் மன்னர் கைக்குப் போய்விடும். 21 வயது ஆனதும் 'எனக்கு வயது வந்துவிட்டது' என்று நிரூபித்தால்தான் சொத்து திரும்பும். பிறப்புச் சான்றிதழ் இல்லாத காலத்தில் எப்படி நிரூபிப்பது?

ஊர்ப் பெரியவர்கள் வந்து சாட்சி சொல்வார்கள். 'அந்தப் பையன் பிறந்த அன்றுதான் நான் குதிரையிலிருந்து விழுந்து காலை உடைத்துக்கொண்டேன்', 'அதே வாரம்தான் என் வீடு தீப்பிடித்தது', 'என் மகளுக்கும் அன்றே ஞானஸ்நானம்'... 600 வருடத்துக்கு முந்தைய கிராமம் கண் முன்னால் வந்துவிடும். ஆனால், அவசரப்பட வேண்டாம். வரலாற்றாசிரியர்கள் இந்தச் சாட்சியங்களை அடுக்கி ஒப்பிட்டுப் பார்த்தபோது, வேறு வேறு ஊர்களில், வேறு வேறு வருடங்களில், அதே கால் உடைந்திருந்தது, அதே வீடு எரிந்திருந்தது! குமாஸ்தாக்கள் பழைய வாக்குமூலத்தைப் பார்த்து நிரப்பியிருக்கிறார்கள். பையனின் வயது பெரும்பாலும் சரிதான். கால் உடைந்த கதைதான் சந்தேகம்.

ஏட்டுக்கும் ரத்தத்துக்கும் நடுவே

எல்லா ஆவணமும் சரியாக இருந்தும் ஏமாற முடியுமா? முடியும். 2012-ல் லெஸ்டர் நகரின் கார் பார்க்கிங்கில் ஓர் எலும்புக்கூடு கிடைத்தது. 1485-ல் போர்க்களத்தில் செத்த மன்னர் 3-ம் ரிச்சர்டுடையதா என்று கேள்வி. ரிச்சர்டுக்கு நேர் வாரிசு இல்லை. ஆனால், அவருடைய அக்கா ஆன் வழியில் தாய்-மகள், தாய்-மகள் என்று வந்த ஒரு கிளையை, ஜான் ஆஷ்டவுன்-ஹில் என்கிற ஆய்வாளர் அதற்குச் சில வருடங்கள் முன்பே தேடிப்பிடித்திருந்தார். அது கனடாவில் குடியேறிய ஜாய் இப்சன் என்ற பெண்மணியிடம் வந்து நின்றது. அவர் 2008-ல் இறந்துவிட்டார். அவருடைய மகன் மைக்கேல் இப்சன், லண்டனில் மரவேலை செய்பவர், உமிழ்நீர் மாதிரி கொடுத்தார்.

தாய் வழியாக மட்டுமே வரும் மரபணு, அச்சு அசலாகப் பொருந்தியது. லெஸ்டர் பல்கலைக்கழகக் குழு இரண்டாவதாக இன்னொரு பெண் வழியையும் கண்டுபிடித்து உறுதி செய்தது. 500 வருடத்துக்கு மேல் தாண்டிய காகிதச் சங்கிலி நிஜம்தான் என்று எலும்பே சாட்சி சொன்னது. 2015 மார்ச்சில் ரிச்சர்டை முறைப்படி அடக்கம் செய்தபோது, அந்தச் சவப்பெட்டியைச் செய்தவர் மைக்கேல் இப்சன்தான்.

அடுத்து, ஆண் வழி. 3-ம் எட்வர்டிலிருந்து ஆண் வழியாகவே வந்ததாகக் காகிதம் சொல்கிற, போஃபோர்ட் பிரபு குடும்பத்தைச் சேர்ந்த ஐந்து ஆண்களின் மரபணுவை எடுத்தார்கள். ஒன்றுகூட ரிச்சர்டோடு பொருந்தவில்லை. அந்த ஐவரில் ஒருவர் மற்ற நால்வரோடுகூடப் பொருந்தவில்லை! எங்கேயோ, ஏதோ ஒரு தலைமுறையில், ஏட்டில் எழுதிய அப்பா வேறு, உண்மையான அப்பா வேறு. 2014 டிசம்பரில் முடிவு வெளியானபோது, 'அப்படியானால் அரச பரம்பரையே செல்லாதா?' என்று பத்திரிகைகள் கேட்டன. சங்கிலி எந்த இடத்தில் அறுந்தது என்று தெரியாததால், அதைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது என்றார்கள் ஆய்வாளர்கள். பதிவேடு சொல்வது, ஊர் யாரை அப்பா என்று ஏற்றுக்கொண்டது என்பதை மட்டும்தான்.

கையில் போன், கண்ணில் லத்தீன்

இன்றைக்கு இந்த வேலையின் பெரும் பகுதியை வீட்டில் இருந்தே செய்யலாம். 1384 முதல் 1858 வரையிலான கேன்டர்பரி நீதிமன்ற உயில்கள் லண்டன் க்யூ-வில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தின் இணையதளத்தில் இருக்கின்றன. ஷேக்ஸ்பியரின் உயிலும் அந்தக் குவியலில் ஒன்றுதான். தன்னார்வலர்கள் தட்டச்சு செய்த தேவாலயப் பதிவுகளை 'ஃப்ரீரெக்' தளத்திலும், பலவற்றின் படங்களை 'ஃபேமிலிசர்ச்' தளத்திலும் காசு கொடுக்காமல் பார்க்கலாம். ஹூஸ்டன் பல்கலைக்கழகம் இடைக்கால வழக்குச் சுருள்களின் லட்சக்கணக்கான படங்களை ஏற்றிவைத்திருக்கிறது. படிப்பதுதான் பாடு. 1733 வரை சட்ட ஆவணங்கள் பெரும்பாலும் லத்தீன். கையெழுத்தோ கோழி கிளறியது போல இருக்கும். அதைப் படிக்கப் பழக்கும் இலவசப் பாடமும் அந்தத் தேசியக் காப்பகத் தளத்திலேயே இருக்கிறது.

தட்டச்சு செய்த பட்டியல், வழிகாட்டி மட்டுமே. மூலப் பக்கத்தின் படத்தைப் பார்க்காமல் ஒரு பெயரையும் மரத்தில் ஏற்றக் கூடாது என்பதில் தேர்ந்த ஆய்வாளர்கள் கறாராக இருக்கிறார்கள். பக்கத்து வரியில் அதே பெயரில் இன்னொரு குழந்தை அடக்கம் ஆகியிருக்கலாம். அதைப் பார்க்காதவர்கள், இரண்டு வயதில் இறந்த குழந்தைக்கு எட்டுப் பேரப்பிள்ளைகள் கொடுத்திருக்கிறார்கள்.

இந்தத் தேடல் சில சமயம் சென்னைக்கும் வரும். இங்கிலாந்தில் திடீரென்று காணாமல்போகும் ஒரு மகன், கிழக்கிந்தியக் கம்பெனியில் சேர்ந்து கப்பல் ஏறியிருக்கலாம். அப்படிப்பட்டவர்களின் கல்யாணமும் அடக்கமும் புனித ஜார்ஜ் கோட்டைக்குள் இருக்கும் செயின்ட் மேரீஸ் தேவாலயத்தில் பதிவாகியிருக்கும். 1680 அக்டோபரில் திறந்த தேவாலயம் அது. ஒரு வாரம் கழித்து, நவம்பர் 4-ம் தேதி, அங்கே நடந்த முதல் கல்யாணம் எலிஹு யேலுடையது. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்துக்குப் பெயர் கொடுத்தாரே, அவரேதான். சென்னையிலிருந்து போன இதுபோன்ற பதிவுகளின் நகல்கள், 1698-லிருந்து லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன.

அதே செயின்ட் மேரீஸில், 1689 ஆகஸ்ட் 19 அன்று மேரி, எலிசபெத், கேத்தரின் என்று மூன்று பெண் குழந்தைகளுக்கு ஒன்றாக ஞானஸ்நானம் நடந்தது. தந்தை, பின்னாளில் கல்கத்தாவோடு பெயர் சேர்த்துப் பேசப்பட்ட ஜாப் சார்னாக். மூத்தவள் மேரி, கம்பெனி அதிகாரி சார்லஸ் அயரை மணந்தாள். தந்தை வழியை இங்கிலாந்து ஆவணங்களில் தேடிப் போகலாம். தாய் ஓர் இந்தியப் பெண் என்று சொல்லிச் சொல்லியே 300 வருடம் ஆகிவிட்டது. அவள் பெயர் என்ன என்று உறுதி செய்யும் ஒரு தாள்கூட இன்னும் கிடைத்தபாடில்லை.